காட்டின் வலது பாதி

மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போகிறவர்களுக்கு உலகம் பாதிதான் தெரியும். அவளும் இருபத்திரண்டு வருஷமாகக் கால்களை இடப்புறம் தொங்கவிட்டு, மடியில் பையும் கணவரின் தோளில் வலது கையுமாகத்தான் போய்வந்துகொண்டிருந்தாள். ஊருக்குள் அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. போகும்போது விட்டுப்போன கடைகளை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தத் தேசியப் பூங்காவில் பாதை ஒருவழி. காலையில் தெற்கு வாசலில் நுழைந்தால், அறுபது கிலோமீட்டர் காட்டைக் கடந்து, மதியம் வடக்கு வாசலில் வெளியே வர வேண்டும். நடுவில் இருக்கும் காவல் சாவடியைத் தவிர வேறெங்கும் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது. வந்த வழியே திரும்புகிற பேச்சே கிடையாது.

இது அவளுக்கு உறைத்தபோது நான்கு கிலோமீட்டர் தாண்டியிருந்தது.

"அதோ! மான்! முப்பது நாப்பது இருக்கும்!" என்றார் அவர்.

"எங்க?"

"வலது பக்கம்! அட, அங்க என்ன பாக்குற?"

கழுத்தைத் திருப்பினாள். தலைக்கவசம் கூடவே திரும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒருவழியாக அதையும் இழுத்துக்கொண்டு திரும்பியபோது நாலு செடிகள் ஆடிக்கொண்டிருந்தன.

"பாத்தியா?"

"செடி பாத்தேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பிவிட்டுப் போயிருப்பாள். சொன்னது இவராயிற்றே. டவுன் பஸ் ஓட்டுநர். பதினோரு நிறுத்தங்களுக்குள்ளேயே போய்ப் போய் வருகிற பஸ்தான். ஆனாலும் தினமும் சாயங்காலம் ஒரு கதையோடுதான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவார். பஸ்ஸில் யாராவது ஒரு கோழியோடு ஏறியிருந்தால், அவர் வீடு வந்து சேர்வதற்குள் அது பண்ணையாகிவிடும். சாண் அளவு நடந்தது அவர் வாயில் முழமாகிவிடுவதால், சொந்தக்காரர்களுக்கு நடுவில் அவருக்கு 'முழம்' என்றே பெயர்.

அவளோ கண்ணாடிக்கடையில் கண் பார்க்கிற மேசையில் வேலை செய்கிறவள். நாள் பூராவும் "இந்த எழுத்து தெரியுதா? இதுல தெளிவா, அதுல தெளிவா?" என்று கேட்டுக் கேட்டு, தெரிந்ததையும் தெரியாததையும் உள்ளபடி அட்டையில் எழுதுவதுதான் அவள் பிழைப்பு. அதனால் வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. அவர் கதையை முடித்ததும் எல்லார் முகமும் அவள் பக்கம் திரும்பும். அவள் தலையாட்டினால் நிஜம். டீ தம்ளர்களை அடுக்கிக்கொண்டு எழுந்துவிட்டால் முழம்.

கிளம்புகிற அன்று நாத்தனார் வாசல் வரை வந்து, "அண்ணி, நீங்க உங்க கண்ணால பாத்ததை மட்டும் வந்து சொல்லுங்க. அண்ணன் பாத்ததை நாங்க டிவியிலயே பாத்துக்கறோம்" என்று சொல்லி அனுப்பினாள்.

அவர் காதில் விழாததுபோல டயரை அமுக்கிப் பார்த்தார். ஆனால் தெருமுனை திரும்பியதும், "இந்தத் தடவையாவது என்னை விட்டுக்குடுக்காதே. ஒரு தலையாட்டு ஆட்டினா கழுத்து சுளுக்கிக்கவா போகுது?" என்றார்.

"நான் பாத்தா ஆட்டறேன்."

"பாக்காம எங்க போகப் போற? பின்னாடிதானே உட்கார்ந்திருக்க."

பின்னாடிதான் உட்கார்ந்திருந்தாள். கூடவே காடும் இரண்டாகப் பிரிந்துகொண்டு, உயிருள்ளதையெல்லாம் வலது பக்கம் வைத்துக்கொண்டது. ஏழாவது கிலோமீட்டரில் காட்டுப்பன்றியும் பதினோரு குட்டிகளும். பத்தாவதில், குடை விரித்த அளவு இறக்கையோடு ஒரு கழுகு. அவள் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் புல், பாறை, மறுபடியும் புல். இடது பக்கத்தில் ஒரு அறிவிப்புப் பலகை மட்டும் அவளுக்கென்றே நின்றது: 'அமைதியாக இருந்தால் விலங்குகளைக் காணலாம்.'

"இதைப் படிச்சீங்களா?"

"நான் ரோட்டைப் பாத்து ஓட்டறேன்மா."

"ரோட்டைப் பாத்துக்கிட்டேதான் பதினோரு குட்டியை எண்ணினீங்களா?"

அவர் தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார். காய்ந்த ஓடை ஒன்றின் வளைவு வந்தது. அந்த இடத்தில், அவள் உள்ளங்கைக்கு அடியில் அவர் தோள் சட்டென்று இறுகியது. வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "அதோ" என்ற கூச்சலும் இல்லை. வளைவு முடிந்து, ஏற்றம் ஏறி, வெகுதூரம் வந்த பிறகு, பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெல்லச் சொன்னார்.

"சிறுத்தை."

"ம்ம்" என்றாள் அவள். கழுத்து வலித்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரும் அதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

காவல் சாவடியில் நேரம் குறித்துக்கொள்ள இறங்கினார்கள். தண்ணீர் குடித்துவிட்டு வந்தவள், வண்டியின் மறுபக்கம் போய் நின்றாள்.

"அங்க என்ன பண்ற?"

"வலது பக்கம் காலைப் போட்டு உட்காரப் போறேன்."

"ஏய், வண்டி சாஞ்சிடும்! இத்தனை வருஷமா நீ இடது பக்கம் இழுக்கறதுக்கு நான் வலது பக்கம் சாஞ்சு ஓட்டிப் பழகியிருக்கேன். என் முதுகெலும்பே அப்படி ஆயிடுச்சு."

"அப்ப இன்னைக்கு நிமிர்ந்துடும். ரெண்டு பக்கமும் கால் போட என் இடுப்பு விடாது. ஏறட்டுமா?"

சாவடிக் காவலர் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். வண்டி கிளம்பியது. முதல் அரை கிலோமீட்டருக்கு அது எட்டுப் போட்டுக்கொண்டே போனது. பெரிய பஸ்ஸை ஒற்றைக் கையால் வளைக்கிற மனிதர், சைக்கிள் பழகும் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இடது கையால் தோளைப் பிடித்திருந்ததும் புதிதாக, யாரோ அடுத்த வீட்டுக்காரரோடு வந்ததுபோல இருந்தது.

காடு உடனே சாமான்களை இடது பக்கம் மாற்றி வைத்துக்கொண்டது.

"மயில்!" என்றார். "இடது பக்கம்! ஏழு!"

"இருக்கட்டும்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்படியே பதினைந்து கிலோமீட்டர் போனது. பிறகு மூங்கில் புதர்கள் வந்தன. ஒரு புதருக்கும் அடுத்த புதருக்கும் நடுவே, பத்தடி தூரத்தில், துவைத்துத் துவைத்துத் தொளதொளத்துப்போன பெரிய கால்சட்டை ஒன்று நடந்து போய்க்கொண்டிருந்தது. மேலே ஒரு வால். அவள் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. தோளை அழுத்தினாள்.

"பயப்படாத, சின்னக் குழிதான்" என்று அவர் வண்டியை ஒடித்துத் திருப்பினார். மூங்கில் மூடிக்கொண்டது.

"யானை!"

"எங்க?"

"போயிடுச்சு. மூங்கிலுக்குள்ள."

"நான் பாக்கலையே." அவர் சிரித்தார். "அட, நீயும் ஆரம்பிச்சிட்டியா?"

அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கண்ணால் பார்த்ததை ஒருவர் நம்பாவிட்டால் இப்படி வலிக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. இருபத்திரண்டு வருஷமாகத் தான் எடுத்துக்கொண்டு எழுந்த டீ தம்ளர்கள் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. எல்லாமே பொய்யாகவா இருந்திருக்கும்? ஒன்றிரண்டாவது?

வடக்கு வாசலில் ஒரு வனக்காவலர் அம்மாள் பெரிய பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். வெளியே போகிறவர்கள் என்னென்ன பார்த்தார்கள் என்று கேட்டு எழுதுவது அங்கே முறை. பதிவேட்டைக் கைநீட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிப்பதைப் பார்த்ததும், இவருக்குப் படிக்கிற கண்ணாடி வேண்டும் என்று அவள் மனசு தானாகக் குறித்துக்கொண்டது.

"சொல்லுங்க சார். என்ன பாத்தீங்க?"

"யானை மேடம்!" என்றார் அவர் முதல் வேலையாக. "இவ பாத்தா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க பாக்கலையா?"

"நான் பாக்கலை. ஆனா இவ சொன்னா அதுக்கு மறுபேச்சே கிடையாது. எழுதிக்குங்க."

"தந்தம் இருந்துச்சா?"

"இவ்வளவு பெருசு!" அவர் இரண்டு கையையும் விரித்தார்.

"பின்பக்கம்தான் பாத்தேன்" என்றாள் அவள்.

காவலர் அம்மாள் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், 'யானை, ஒன்று, பின்பக்கம்' என்று எழுதினார். "வேற?"

மான் நாற்பது, பன்றிக் குட்டி பதினொன்று, கழுகு, மயில் ஏழு. அவர் சொல்லச் சொல்லப் பேனா ஓடியது. அப்புறம் வாயைத் திறந்தார், மூடினார். கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அவ்வளவுதான் மேடம்."

அவள் காத்திருந்தாள். நிஜமாகவே அவ்வளவுதான். ஒரு கோழியைக்கூட விட்டுவைக்காத மனிதர், அதை மட்டும் சொல்லவில்லை.

"சிறுத்தையைச் சொல்லலையா?" என்றாள்.

காவலர் அம்மாள் பேனாவை நிறுத்தினார். "சிறுத்தையா? எங்க? அதுக்குக் கூட வந்தவங்களும் கையெழுத்து போடணும்மா. தனி ஆள் சொல்றதை எழுதிக்கிட்டா, எங்களுக்கு தினம் நாலு சிறுத்தை வரும்."

"போர்டுலயே போட்டிருக்கே, அதான் சொல்லலை" என்றார் அவர், பதிவேட்டைப் பார்த்து. "இவ அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தா. இவ பாக்கலை. பாக்காததுக்கு இவ கையெழுத்து போட மாட்டா."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். கண்ணாடிக்கடை அட்டையில் எழுதுகிற அதே சின்ன எழுத்தில், நிதானமாக எழுதினாள்:

'நான் சிறுத்தையைப் பார்க்கவில்லை. என் கை இவர் தோளில் இருந்தது. காய்ந்த ஓடை வளைவில் அந்தத் தோள் இறுகியது. ரோட்டில் குழந்தை குறுக்கே ஓடும்போது, பிரேக் பிடிப்பதற்கு முன்பே இவர் தோள் இப்படி இறுகும். இருபத்திரண்டு வருஷத்தில் அது ஒருமுறைகூடச் சும்மா இறுகியதில்லை.'

கீழே கையெழுத்துப் போட்டாள்.

காவலர் அம்மாள் கையை முழுக்க நீட்டிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். "இதை எந்தக் கட்டத்துல சேக்கறதுன்னு தெரியலையே" என்று முணுமுணுத்துவிட்டு, சிறுத்தைக்கு நேராக 'ஒன்று' என்று எழுதினார்.

அவர் முன்னால் நடந்து வண்டிக்கு வந்தார். சாவியைப் போட்ட பிறகுதான் ஏதோ உறைத்திருக்க வேண்டும்.

"அப்ப மான்?"

"மானுக்குத் தோள் சும்மாதான் இருந்துச்சு."

"பன்றிக் குட்டி?"

"சும்மா."

"கழுகு கூடவா?"

"குடை அளவு இறக்கை."

அவர் வண்டியின் பக்கக் கண்ணாடியைத் துடைத்தார். "ரெண்டு மான் நிஜமா இருந்துச்சு" என்றார்.

"இருந்திருக்கும்."

அவள் பழையபடி இடது பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். வலது கை தானாகப் போய் அதன் இடத்தில் படிந்தது. வண்டி ஆடாமல் அசையாமல் நேராகக் கிளம்பியது.

"வீட்டுல தங்கச்சி கேட்டா என்ன பண்ணுவ?" என்றார் முன்னால் பார்த்தபடி.

"தலையாட்டுவேன்."

"நிஜமாவா?"

"ஒரே ஒரு தடவை. மத்ததைச் சொல்ல ஆரம்பிச்சீங்கன்னா டீ தம்ளரை எடுத்துக்கிட்டு எழுந்துடுவேன்."