கள்ளிமேட்டு காஸ் பஸ்

கமலாத்தாள் வாயைத் திறந்தால் மறுத்துப் பேச ஆளில்லை என்று கள்ளிமேட்டில் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்காகத்தான் அவளைப் பஞ்சாயத்து மெம்பராக்கினார்கள். எலப்புள்ளிக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி மலையாளச் சீமைக்குள் கிடந்த அந்தச் சிற்றூருக்கு பஸ் கிடையாது. பிள்ளைவலி கண்டவளைக்கூட மாட்டுவண்டியில் போட்டுத்தான் மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். எழுபத்துநாலாம் வருஷம், பெட்ரோல் விலை ஏறி எல்லாரும் அதையே பேசிக்கொண்டிருந்த சமயத்தில், எரிவாயு வாரியத்து ஆப்பீசர் ஜீப்பில் வந்திறங்கிச் சொன்ன திட்டம் அவளுக்கு உடனே பிடித்துப்போனது அதனால்தான்.

டவுன் குப்பையையெல்லாம் கள்ளிமேட்டில் பெரிய குழி வெட்டிக் கொட்டுவார்கள். மேலே களிமண் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே அழுகும் குப்பையிலிருந்து கிளம்பும் காஸைக் குழாய் வைத்துப் பிடித்து பஸ் ஓட்டுவார்கள். செலவு முழுக்க சர்க்காருடையது. பஸ் கள்ளிமேட்டிலிருந்தே புறப்படும்.

குழிக்குத் தோதான மேட்டுநிலம் பெரியம்மாளுடையது. புருஷனை இழந்தவள்; அந்த மேட்டையும் அதற்குக் கீழே கிணறோடு கிடந்த சிறு தோட்டத்தையும் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் பேசப் போனது கமலாத்தாள்தான்.

"நாத்தம் அடிக்குமே, அம்மிணி."

"அந்த நாத்தந்தானுங்க்கா காஸு. அதைய வெளிய உட்டுப்போட்டு பஸ்ஸுக்கு என்னத்தைய ஊத்துவாங்க? மண்ணுப் போட்டு மூடிப்போடுவாங்க. நம்ம ஊட்டு வாசல்ல பஸ் ஏறலாமுங்க்கா."

"நீ சொன்னாச் சரி" என்று பெரியம்மாள் கைநாட்டு வைத்தாள்.

குழி வெட்டிக் குப்பை கொட்டியாயிற்று. திறப்பு விழாவை 'உத்காடனம்' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். கூரைமேல் காஸ் அடைக்கும் கறுத்த ரப்பர் பை ஒன்று எருமைபோலப் படுத்திருக்க, சாமந்தி மாலை போட்ட பஸ் நின்றது. மைக்கில் பேசியவர்கள் எல்லாரும் கமலாத்தாளின் பெயரைச் சொன்னார்கள். அவளுக்கும் மாலை போட்டு முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். கஞ்சிக்கோடு வரை போய்த் திரும்பி வந்தது பஸ். வழியெல்லாம் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பெரியம்மாளும் பின்சீட்டில் இருந்தாள். அவளுக்கு அதுதான் முதல் பஸ் பயணம்.

அடுத்த நாள் பஸ் ஏதோ ரிப்பேர் என்று போனது. பிறகு வரவே இல்லை. குப்பை லாரி மட்டும் தவறாமல் வந்தது. களிமண் வரவில்லை. கோடையில் குழி தானாகப் பற்றிக்கொண்டு நாள்கணக்காகப் புகைந்தது. குழந்தைகள் இருமி இருமி வாந்தியெடுத்தன. மழை பிடித்ததும் குழிக்குள்ளிருந்து கறுப்புத் தண்ணீர் கசிந்து சரிவில் இறங்கியது. கீழே பெரியம்மாளின் கிணறு. அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. மாடுகூட மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

அதன் பிறகு பெரியம்மாள் தினமும் காலையில் குடத்தோடு கமலாத்தாளின் கிணற்றுக்கு வந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. இறைத்து எடுத்துக்கொண்டு, வாசலில் நிற்கும் கமலாத்தாளைத் தாண்டிப் பேசாமல் போவாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது கமலாத்தாளுக்கு.

அவள் ஆப்பீசரைப் போய்ப் பார்த்தாள். ஒருமுறை அல்ல, பல முறை. அவர் மலையாளமும் தமிழும் கலந்து பொறுமையாகச் சொன்னார்:

"அம்மா, ஆ திட்டம் விஜயமாயிட்டு, வெற்றியாயிட்டு முடிஞ்சதல்லோ. பஸ் ஓடியது எல்லாரும் கண்டதல்லே? நீங்கதன்னெ முன்சீட்டில் இருந்தில்லே?"

ஓடியது உண்மைதானே. கமலாத்தாள் எழுந்து வீட்டுக்குத் திரும்பினாள்.

ரெண்டு வருஷம் கழித்து ஜீப் மறுபடியும் அவள் வீட்டு முன்னால் வந்து நின்றது. பெருமாட்டி என்ற ஊரில் இரண்டாவது குழி வரப்போகிறதாம். சர்க்கார் பணம் பாஸாகிவிட்டதாம். அங்கே விவசாயிகள் தயங்குகிறார்கள், கூட்டத்தில் வந்து நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் அந்தப் பணத்திலேயே கள்ளிமேட்டுக்கும் களிமண் போட்டுத் தருவதாக ஆப்பீசர் சொன்னார். களிமண் என்றதும் கமலாத்தாள் கிளம்பிவிட்டாள்.

போகிற வழியில் சித்தூரில் ஆப்பீசர் யாரையோ பார்க்க இறங்கிப் போனார். ஜீப்பில் அவளும் டிரைவர் சிலுவைராஜும் இருந்தார்கள். அன்றைக்கு அந்த பஸ்ஸை ஓட்டியவனும் அவன்தான். ஏலப்பாறை எஸ்டேட்டில் கூலிக்காரர் லயத்தில் பிறந்து வளர்ந்தவன்.

"ஏனுங் தம்பி, அந்த காஸ் பஸ் இப்ப எங்கீங்க ஓடுது?" என்று கேட்டாள்.

அவன் சிரித்தான். "அது காஸ்ல எங்கக்கா ஓடுச்சு? பையில இருந்தது வெறுங்காத்து. பஞ்சர் கடையில வச்சு அடிச்சோம். ஓட்டுனது பெட்ரோல்ல. வாடகை வண்டி அது."

அவள் முன்சீட்டின் முதுகைப் பிடித்து முன்னால் சாய்ந்தாள். சிரிப்பு நின்று அவன் திரும்பிப் பார்த்தான்.

"ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"எனக்கு எப்புடித் தெரியும்னு நெனச்சீங்க?"

"மாலயெல்லாம் போட்டு முன்சீட்டுல ஒக்கார வச்சிருந்தாகளே."

அந்தச் சொல் அவளை அறைந்ததுபோல் இருந்தது. இவன் மட்டுமா இப்படி நினைத்திருப்பான்? ஊரில் எத்தனை பேர் நினைத்தார்களோ. பெரியம்மாள்? மெம்பரும் சேர்ந்துதான் ஏமாற்றினாள் என்று நினைத்துக்கொண்டா இந்த ரெண்டு வருஷமும் கமலாத்தாளின் கிணற்றில் வந்து தண்ணீர் இறைத்தாள்? ஆப்பீசர் வந்து ஏறி, என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எதுவும் அவள் காதில் விழவில்லை.

பெருமாட்டியில் ஒரு தென்னந்தோப்பில் பந்தல் போட்டிருந்தார்கள். கமலாத்தாளிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

"கள்ளிமேட்டுல பஸ் ஓடுச்சுங்க. நானே ஏறிப் போனனுங்க. ஆனா அந்தப் பையில இருந்தது காஸில்லீங்க, பஞ்சர் கடைக் காத்து. பெட்ரோல ஊத்தி ஓட்டிப்போட்டு எங்களக் கை தட்ட வெச்சாங்க. குழிய மூடறக்கு ஒரு கூடை மண்ணு போடுல. பெரியம்மாங்கறவிய கெணத்துத் தண்ணி இன்னைக்கு மாடு குடிக்கறதில்லீங்க. அவியகிட்டப் பேசி நெலத்த வாங்கிக் குடுத்தது நாந்தானுங்க."

ஆப்பீசர் மைக் ஒயரைப் பிடுங்கச் சொன்னார். அவள் குரலை உயர்த்தினாள். மைக் அவளுக்கு எப்போதுமே தேவைப்பட்டதில்லை.

முன்வரிசையில் இருந்த குப்பண்ணன், தோப்புக்குச் சொந்தக்காரர், எழுந்தார். "ஏனுங் சார், அம்மிணி சொல்றது நெசமுங்களா?"

"இது அவசரநிலை காலமாணு. சர்க்கார் திட்டத்துக்கு எதிரா இப்படிப் பேசினா என்னாகும்னு இவங்களுக்கு அறியில்லா" என்றார் ஆப்பீசர்.

"நான் கேட்டது அதில்லீங்களே" என்றார் குப்பண்ணன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பந்தலைப் பிரிக்கும்படி ஆட்களிடம் சொன்னார். ஜனங்கள் கலைந்தார்கள். ஜீப் அவளை ஏற்றிக்கொள்ளாமல் போய்விட்டது.

வீட்டில் அவள் புருஷன் சென்னியப்பன் விஷயத்தைக் கேட்டு வாசல் கதவைச் சாத்தினார். "காலம் எப்புடிக் கெடக்குது, நீ என்ன பேசிப்போட்டு வந்திருக்கற? புடிச்சு உள்ள போட்டாக் கேக்க நாதி கெடையாது, புள்ள."

"போடட்டுமுங்க. காத்தடைச்ச பைக்கு மாலை போட்டவங்க வெளிய இருக்கறாங்க. நான் உள்ள இருந்தா என்னாவுது?"

மறுநாள் காலை, குப்பை லாரி வரும் பாதையில் அவள் போய் உட்கார்ந்தாள். தனியாகத்தான். கொஞ்ச நேரத்தில் பெரியம்மாள் அந்த வழியாகக் குடத்தோடு வந்தாள்.

"பெருமாட்டில போயிச் சொன்னியாமா?"

"சொன்னனுங்க்கா. பையில இருந்தது காத்துன்னு எனக்கும் நேத்துத்தானுங்க தெரியும். நம்புனா நம்புங்க."

பெரியம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். குடத்தைப் பாதையின் நடுவில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். லாரி வந்து ஹாரன் அடித்தபோது இன்னும் பல பெண்கள் சேர்ந்திருந்தார்கள். டிரைவர் கொஞ்ச நேரம் கத்திப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினான்.

மத்தியானம் போலீஸ் வந்து கமலாத்தாளைக் கூட்டிப்போனது. பொழுது சாயும்வரை ஸ்டேஷனில் நிற்க வைத்து, எச்சரித்து அனுப்பினார்கள். மெம்பர் பதவி அந்த மாதமே போயிற்று. ஆனால் லாரி அதற்குப் பிறகு கள்ளிமேட்டுக்கு வரவில்லை. குழி அப்படியே கிடந்தது. ஊர்க்காரர்களே வண்டி வண்டியாக மண் அடித்து ஒருவழியாக மூடினார்கள். சர்க்கார் மண் கடைசிவரை வரவில்லை.

மூடி முடித்த வாரம், திருப்பிவிட்ட குப்பையை வாளையார் ரோட்டோரம் குடிசைகளுக்குப் பக்கத்தில் கொட்டுவதாக யாரோ வந்து சொன்னார்கள். அங்கே வாரியத்தின் பெயர்ப்பலகையும் புதிதாக நட்டிருக்கிறதாம். சோற்றுத் தட்டின் முன்னால் இருந்த கமலாத்தாள் பாதியில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"இப்ப எங்க கெளம்பிட்ட?" என்றார் சென்னியப்பன்.

"அங்க யாருக்கு மாலை போடப் போறாங்கன்னு பாக்கறக்குங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.