நாற்பதாவது சங்கிலியில் ஒரு கிணறு

கிரிம்ஸ்லோ மலையைக் குடைந்து போகும் ரயில் சுரங்கத்தில் கடைசி வண்டி ஓடி அறுபது வருஷமாகிறது. அந்தக் குளிர்காலத்தில் கூரையிலிருந்து செங்கல் உதிரத் தொடங்கியதால், உள்ளே போய் அளந்து வர நில அளவையாளர் தெர்சாவை அனுப்பினார்கள். கூட வந்தவன் டன்ஸ்டன். பல வருஷமாக அவளோடு சேர்ந்து அளப்பவன். எதையாவது குறை சொல்லாவிட்டால் அவனுக்கு வேலை ஓடாது.

சுரங்கத்துக்குக் காற்று வர, மலைமேலிருந்து வட்டக் கிணறுகள் இறங்கியிருந்தன. ஒவ்வொன்றும் வாசலிலிருந்து எவ்வளவு தூரம் என்று லேசர் கருவி மீட்டரில் சொல்லிக்கொண்டே வந்தது.

"இருநூத்தி ஒண்ணு புள்ளி ஒண்ணு ஏழு. அடுத்தது நானூத்தி ரெண்டே சொச்சம். அப்புறம் அறுநூத்தி மூணரை. கடைசி ஆயிரத்து அஞ்சு புள்ளி எட்டு நாலு" என்று வாசித்த டன்ஸ்டன் மூக்கை உறிஞ்சினான். "குடிச்சிட்டுத் தோண்டியிருப்பானுங்க போல. ஒண்ணாவது முழுசா வருதா பாரு."

"அவங்க மீட்டரைக் கண்டாங்களா என்ன? சங்கிலி போட்டு அளந்தவங்கப்பா" என்றாள் தெர்சா.

அறுபத்தாறு அடி நீள இரும்புச் சங்கிலி. பத்துச் சங்கிலி ஒரு பர்லாங், எட்டுப் பர்லாங் ஒரு மைல். மீட்டரில் ஒரு சங்கிலி இருபது புள்ளி ஒன்று ஒன்று ஆறு எட்டு. கைப்பேசியை எடுத்து ஒவ்வொரு தூரத்தையும் அதனால் வகுத்தாள்.

பத்து. இருபது. முப்பது. ஐம்பது.

ஒரு விரல் அகலம்கூடப் பிசகவில்லை. பின்னமும் பிசிறுமாக இருந்த எண்களுக்குள்ளிருந்து யாரோ நிமிர்ந்து நின்று தன்னைப் பார்ப்பதுபோல அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த இருட்டில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், இவ்வளவு சுத்தமாகவா?

பிறகுதான் உறைத்தது. "டன்ஸ்டன், நாப்பது எங்க?"

எண்ணூற்று நாலு புள்ளி ஆறு ஏழு மீட்டருக்குத் திரும்பி நடந்தார்கள். வாசலிலிருந்து சரியாக அரை மைல். அங்கே கூரை மூடியிருந்தது. ஆனால் செங்கல்லின் நிறம் வேறு. டன்ஸ்டன் நீளக் கம்பியால் தட்டினான். பானையைத் தட்டினாற்போல் கேட்டது. அவன் அப்புறம் கேலி பேசவில்லை.

வேலை முடிந்ததும் வேண்டாத கிணறுகளைப் பலகை போட்டு மண்ணால் மூடிவிடுவது அந்தக் காலத்து வழக்கம். வெளியே வந்து, செயற்கைக்கோள் கருவியோடு மலைமேல் அந்தப் புள்ளியைத் தேடிப் போனார்கள். அது ஆட்டுக் கிடையைக் கடந்து, கற்சுவரைத் தாண்டி, ஊர் பேண்டு குழுவின் கூடத்துக்குள் போய் நின்றது. அன்று சனிக்கிழமை. உள்ளே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

குழுத் தலைவர் ஹார்கிரீவ்ஸ் கையை இறக்காமலே திரும்பினார். "ஏம்மா, அடுத்த வாரம் போட்டி. உங்க அளவையைச் சாயங்காலம் வச்சுக்கக் கூடாதா?"

"ஐயா, எல்லாரும் மெதுவா எழுந்து வெளிய வந்துடுங்க. வாத்தியமெல்லாம் அங்கயே இருக்கட்டும்."

"ஏன், கேஸ் கசியுதா?"

"இல்லீங்க. உங்க தரைக்குக் கீழ தரை இருக்கான்னு சந்தேகமா இருக்கு."

யாரோ சிரித்தார்கள். பெரிய டிரம் வாசிக்கும் கசாப்புக்கடை விவியன் மட்டும் கோலைக் கீழே வைத்தாள். "அதானா? இந்த மூலையில அடிச்சா மட்டும் மலையே முழங்குற மாதிரி கேக்கும். நான் நல்லா வாசிக்கிறேன்னுல்ல நெனச்சேன்."

"நான் ஒருநாளும் நெனைக்கலை" என்றார் ஹார்கிரீவ்ஸ். ஆனாலும் முதலில் அவளைத்தான் கைபிடித்து வெளியே கூட்டிவந்தார்.

திங்கட்கிழமை தரையில் துளை போட்டுக் கேமராவை இறக்கினார்கள். கொஞ்சம் மண். அதன் கீழே குறுக்கே கிடந்த ஓக் உத்திரங்கள். இரண்டு உளுத்து முறிந்திருந்தன. மிச்சமிருந்தவைதான் கூடத்தையும் கணப்படுப்பையும் அத்தனை பேரையும் தாங்கியிருந்தன. அவற்றுக்கும் கீழே, செங்கல் செங்கல்லாக அடுக்கிய வட்டம், கேமரா விளக்கு எட்டும்வரை இறங்கிப் போனது.

ஹார்கிரீவ்ஸ் தொப்பியைக் கழற்றினார். "இதும்மேல நின்னுக்கிட்டா இத்தனை வருஷமா காலைத் தட்டித் தாளம் போட்டேன்" என்றார்.

கூடத்தைப் பிரித்தார்கள். குழு தேவாலயத்துக்கு இடம் மாறி ஒத்திகை பார்த்து, போட்டியில் மூன்றாவதாக வந்தது. வசந்தத்தில் உத்திரங்களை எடுத்தார்கள். கீழே கூரையையும் திறந்தார்கள். தெர்சா சுரங்கத்துக்குள் காத்திருந்தாள். வெள்ளித் தட்டுப்போல வெளிச்சம் வந்து தரையில் படிந்தது. மலைமேல் கிணற்று வாயின் நடுவிலிருந்து டன்ஸ்டன் கயிற்றில் தூக்குக்குண்டை இறக்கினான். அது ஆடி ஆடி அடங்க வெகுநேரம் பிடித்தது.

சுவருக்குச் சுவர் அளந்து, சுரங்கத்தின் நடுக்கோட்டிலிருந்து குண்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தாள்.

வாக்கி-டாக்கியில் டன்ஸ்டன் கேட்டான். "எவ்வளவு தள்ளி விழுது?"

காற்றிலும் சேற்றிலும் மலைமேல் சங்கிலியை இழுத்து இழுத்து நட்ட ஒரு முளை. அங்கிருந்து நேர் கீழே ஒரு கூட்டம் தோண்டியிருக்கிறது. மலையின் பக்கவாட்டில் வேறொரு கூட்டம் குடைந்து வந்திருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே.

"சொல்லேன், தெர்சா."

"நாலு விரக்கடை."

"இருக்காது. இன்னொரு தரம் அள."

அளந்தாள். நாலு விரக்கடைதான். நாடாவைச் சுருட்டக்கூடத் தோன்றாமல், கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தபடி அந்த வெளிச்சத்துக்குள்ளேயே நின்றாள்.