ஆர்ஃபன் என்று ஒரு கணு

கிருஷ்ணப்ரியாவுக்குப் புரியாத ஒன்று ஆபீசில் யாருக்குமே புரியவில்லை. அதுதான் அவளுக்கு வியப்பாக இருந்தது. மனிதர்கள் உட்கார்ந்து எழுதிய மென்பொருளுக்குள் எதற்கென்றே தெரியாத ஒரு பகுதி எப்படி வந்து உட்கார்ந்திருக்கும்?

அவள் கோயம்புத்தூர்க்காரி. இயற்பியல் படித்தவள். கணவன் மாதவுக்கு ஹிஞ்சேவாடியில் வேலை கிடைத்ததால் 2003இல் புனேவுக்கு வந்தாள். வாகட் பகுதியில், பாதிக் கட்டடங்கள் இன்னும் சிமெண்ட் பூச்சோடு நின்றிருந்த ஒரு குடியிருப்பில் குடித்தனம். அடுத்த வருடம் பாணேர் சாலையில் ஒரு சின்ன கம்பெனியில் அவளுக்கும் வேலை கிடைத்தது. தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் கட்டளை எழுதுவதற்கென்றே அவர்கள் ஒரு கணினி மொழி உருவாக்கியிருந்தார்கள். அதற்கான விளக்கக் கையேட்டை எழுதுவது அவள் வேலை.

'எண்ணெய் சூடானால் பெல்ட்டை நிறுத்து' என்பது மாதிரி ஒரு கட்டளையை எழுதிக் கொடுத்தால், பார்சர் என்ற பகுதி முதலில் அதைப் படிக்கும். படித்துப் பிரித்து, ஒரு மரமாக அடுக்கும். 'சூடானால்' என்ற நிபந்தனை ஒரு கணு. அதிலிருந்து ஒரு கிளையில் எண்ணெய், இன்னொரு கிளையில் பெல்ட். ஆபீசில் எல்லோரும் 'நோட்' என்றுதான் சொன்னார்கள். அவள் மட்டும் மனதுக்குள் கணு என்று வைத்துக்கொண்டாள். கரும்பில் இருப்பது போல, அங்கிருந்துதானே கிளம்புகிறது எல்லாம்.

ஒவ்வொரு வகைக் கணுவுக்கும் அவள் ஒரு பக்கம் எழுத வேண்டும். அது எதற்கு, அதன் கீழ் என்னென்ன வரும், எதை எழுதினால் அந்தக் கணு முளைக்கும். கடைசிக் கேள்விக்கு அவள் யாரையும் கேட்பதில்லை. தானே ஒரு குட்டி நிரல் எழுதி ஓட்டுவாள். திரையில் மரம் வரும். எதிர்பார்த்த கணு அதில் இருந்தால் அவளுக்கு ஒரு சந்தோஷம். வீட்டுக்கு வந்தும் அதையே பேசுவாள். மாதவ் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "நான் கூட இந்தளவு ப்ரோக்ராம் எழுதறதில்ல" என்பான்.

இப்படியே போனபோதுதான் ஆர்ஃபன் வந்தது. ஆர்ஃபன் என்றால் அனாதை. கணுக்களின் வரிசையில் அந்தப் பெயர் இருந்தது. அதன் கீழ் ஒரே ஒரு கிளை வரலாம் என்று இருந்தது. என்ன எழுதியும் அந்தக் கணு முளைக்கவில்லை. அரைகுறையாக விட்ட கட்டளை, வெறும் அடைப்புக்குறி, ஒன்றுமே இல்லாத நிரல், எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள். மரம் வந்தது, பிழைச் செய்தி வந்தது, ஆர்ஃபன் வரவில்லை.

குழுத் தலைவர் ரவிசந்திரனிடம் போனாள். அவர் புனேவுக்கு வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆனவர். தமிழ் பேச ஆரம்பித்தால் பாதியில் ஹிந்திக்கு இறங்கிவிடுவார்.

"சார், இந்த ஆர்ஃபன் எப்ப வருமுங்க?"

"வராதும்மா. எனக்குத் தெரிஞ்சு வந்ததே இல்ல. நான் சேர்றதுக்கு முன்னாடியே யாரோ போட்டு வெச்சது. பேக்கார் சீஸ், ஒண்ணுக்கும் ஆகாது. ஹடாவோ."

"எடுத்துரலாங்களா?"

"தீப்தி ஏற்கெனவே எடுத்துட்டா. புது வெர்ஷன்ல கிடையாது. நீ அந்தப் பக்கத்தை எழுதவே வேணாம், வேலை மிச்சம்."

தீப்தி பக்கத்து மேசைக்காரி, பழைய புனேயின் சதாசிவ் பேட்டையைச் சேர்ந்த மராத்திப் பெண். அவள் திரும்பி ஹிந்தியில் சொன்னாள்: "எடுத்துட்டு எல்லா டெஸ்ட்டும் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் பாஸ். ஒண்ணுகூட உடையல."

புது வெர்ஷன் அடுத்த வாரம் ரஞ்சன்காவ் தொழிற்சாலைக்குப் போக வேண்டியது. அதோடு பேச்சு முடிந்திருக்க வேண்டும். கிருஷ்ணப்ரியாவுக்கு முடியவில்லை. அந்தக் கணுவுக்காகப் பழைய பார்சரில் இருந்த வரிகளை அவள் திரையில் திறந்து வைத்துக்கொண்டாள். கவனமாக எழுதிய வரிகள். கிளையை ஒட்ட ஒரு இடம், நினைவகத்தை விடுவிக்க ஒரு இடம், மரத்தைத் திரும்ப எழுத்தாக மாற்றும்போது இதை எப்படி அச்சிடுவது என்று ஒரு இடம். வேண்டாத ஒன்றுக்கு யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்? மேலே எஸ்.ஆர். என்று இரண்டு எழுத்து மட்டும் இருந்தது.

"எஸ்.ஆர்.ங்கறவர் யாருங்க சார்?"

"யாரோ ஒருத்தர். அவர் போனப்புறம்தான் நான் வந்தேன். கணக்குப் பார்க்கிற சாவித்ரி மேடத்தைக் கேளு, அவங்கதான் ஆரம்பத்துலேர்ந்து இருக்காங்க."

சாவித்ரி கேட்டதும் சிரித்துவிட்டார். "அவர் இல்லடி, அவ! சியாமளா ரங்கராஜன். குழந்தை பிறக்கப்போறதுன்னு வேலையை விட்டா. ரெட்டையாப் போயிடுத்து. அப்புறம் எங்க வர்றது? தளேகாவ்ல இருக்கா. நம்பர் தரேன்."

தொலைபேசியில் சியாமளாவின் குரல் எச்சரிக்கையாக இருந்தது. கிருஷ்ணப்ரியா விஷயத்தைச் சொன்னாள்.

"ஆர்ஃபனா? நானா எழுதினேன்?"

"உங்க எழுத்துத்தாங்க இருக்குது மேலே."

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லியே. ஏழு வருஷம் ஆச்சு." அப்புறம், வைத்துவிடப் போகிறார் என்று கிருஷ்ணப்ரியா நினைத்தபோது, "அந்த கோட் உங்ககிட்ட இருக்கா? எடுத்துண்டு வர முடியுமா?" என்றார்.

சனிக்கிழமை சிஞ்ச்வட் ஸ்டேஷனில் லோனாவ்லா லோக்கலைப் பிடித்து அவள் தளேகாவ் போனாள். மழை விட்டிருந்தது. சியாமளா நாற்பதை நெருங்குகிறவர், நைட்டியின் மேல் துப்பட்டா. வீடு முழுக்கப் பள்ளிக்கூடப் பைகளும் ஷூக்களும். பிள்ளைகளைக் கணவர் நீச்சலுக்குக் கூட்டிப் போயிருந்தார். டீ போட்டு வைத்துவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு, அச்சிட்ட தாள்களை மேசையில் பரப்பினார்.

முதல் பத்து நிமிடம் அவர் முகத்தில் சங்கடம்தான் இருந்தது. யாரோ ஒருவருடைய கல்யாண ஆல்பத்தைப் பார்க்கிற மாதிரி பக்கங்களைப் புரட்டினார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். பென்சில் வந்தது. ஒரு வரியின் ஓரத்தில் கோடு விழுந்தது.

"பரவாயில்லியே, நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்றார் மெல்ல, தனக்கே சொல்லிக்கொள்வது போல.

"எந்த இடத்துல இது உருவாகுதுன்னு பாத்தீங்களா? எனக்கு அங்கதான் சிக்குது. குறிப்பைப் படிக்கிற இடத்துக்குப் போகுது. ஆனா குறிப்பையெல்லாம் பார்சர் தூக்கிப் போட்டுருமுங்களே?"

எந்தக் கணினி மொழியிலும் நிரல் எழுதுகிறவர் தன் வசதிக்கு நடுநடுவே குறிப்பு எழுதி வைக்கலாம். அது இயந்திரத்துக்கானது அல்ல. பார்சர் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும்.

"தூக்கிப் போடும். ஆனா இங்க பாருங்கோ, கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டே, போடறதுக்கு முன்னாடி அதைப் பார்க்கறேன். நூத்தியிருபத்தேழைத் தாண்டினா போடாம வெச்சுக்கறேன். அப்பதான் ஆர்ஃபன் பொறக்கறது."

"இங்கிலீஷ் எழுத்து எதுவும் அந்த எண்ணைத் தாண்டாதுங்களே."

"தாண்டாது."

"அப்ப எந்த எழுத்துங்க தாண்டும்?"

இரண்டு பேரும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ ஆடை கட்டிவிட்டது. வெளியே யாரோ மராத்தியில் ஆட்டோக்காரரோடு பேரம் பேசுகிற சத்தம் கேட்டது. சியாமளா சடாரென்று தலையை நிமிர்த்தினார்.

"மராத்தி!"

"என்னங்க?"

"அந்தக் காலத்து மராத்தி ஃபான்ட். அதெல்லாம் அந்த எண்ணுக்கு மேலதான் உட்காரும். ரஞ்சன்காவ் ஃபேக்டரில மெஷின் போட்டப்ப நான் ஜீப்ல போயிண்டு வந்துண்டு இருந்தேன். மெஷின் மூடியைத் திறந்தா பேனல் திரையில மராத்தில ஒரு எச்சரிக்கை வரணும்னு ஃபேக்டரிக்காரா கேட்டா. மொழில அதுக்கு வழியே இல்ல. புதுசாக் கட்டளை சேர்க்க டைம் இல்ல. அதனால குறிப்பா எழுதிக்கோங்கோ, மராத்தில இருந்தா நான் பத்திரமா எடுத்துண்டு போய் பேனல்ல காட்டறேன்னு சொன்னேன்." அவர் எழுந்தே நின்றுவிட்டார். "ஆபீஸ்ல யாரும் மராத்தில டைப் பண்ணி டெஸ்ட் பண்ணியிருக்க மாட்டா!"

 கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்தான் கிருஷ்ணப்ரியாவுக்கு முதலில் வந்தது. அடுத்த நொடியே தீப்தி சொன்னது ஞாபகம் வந்தது. எல்லா டெஸ்ட்டும் பாஸ்.

"அக்கா, புது வெர்ஷன்ல அதை எடுத்துட்டாங்க. வியாழக்கிழமை ரஞ்சன்காவ் போகுது."

சியாமளா அவளைப் பார்த்தார். "எடுத்தா எரர் கூட வராது. எச்சரிக்கை மட்டும் வராது."

திங்கட்கிழமை சியாமளா நேரே ஆபீசுக்கே வந்துவிட்டார், இஸ்திரி போட்ட பருத்திப் புடவையில். ரவிசந்திரன் முதலில் நம்பவில்லை.

"மேடம், குறிப்புங்கறது குறிப்புத்தானே? அதைப் போய் யாராவது..."

"நான்தான் சார், அந்த யாராவது."

நிரூபிக்க மராத்தி எழுத்து வேண்டியிருந்தது. ஆபீசின் புதுக் கணினிகளில் அந்தப் பழைய ஃபான்ட் இல்லை. தீப்திக்கு யோசனை வந்தது. அவுந்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடைக்காரர் இன்னும் அதில்தான் தட்டச்சு செய்கிறார். அவள் ஸ்கூட்டியில் போய் ஒரு வரி அடித்து, ஃப்ளாப்பியில் வாங்கி வந்தாள். பழைய பார்சரில் அந்த வரியைக் குறிப்பாகப் போட்டு ஓட்டினாள். எல்லோரும் அவள் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். மரம் மேலிருந்து கீழாகத் திரையில் இறங்கியது. நிபந்தனை, எண்ணெய், பெல்ட். எல்லாவற்றுக்கும் தள்ளி ஓரமாக, எதோடும் ஒட்டாமல், ஆர்ஃபன்.

"ஐயோ, வந்துருச்சு!" என்று கிருஷ்ணப்ரியா கைதட்டியே விட்டாள்.

தீப்தி தன் புதிய பார்சரிலும் அதே நிரலை ஓட்டினாள். நிபந்தனை, எண்ணெய், பெல்ட். அவ்வளவுதான். பிழை என்று ஒரு சொல் இல்லை. 

ரவிசந்திரன் ரஞ்சன்காவுக்குப் போன் போட்டார். பராமரிப்புப் பொறியாளரிடம் ஹிந்தியில் கேட்டார், பேனலில் மராத்தியில் ஏதாவது வருமா என்று. அந்தப் பக்கம் சாதாரணமாகப் பதில் சொன்னார்கள். மூடி திறந்திருக்கும்போதெல்லாம் வரும். 'தாம்பா! ஆத் ஹாத் காலூ நகா.' நில்லுங்கள், உள்ளே கை விடாதீர்கள். அதைப் பார்த்துத்தான் ஷிஃப்ட்டில் எல்லோரும் வேலை செய்கிறார்கள். ஏன் கேட்கிறீர்கள்?

"சும்மாதான்" என்று ரவிசந்திரன் போனை வைத்தார்.  பிறகு தீப்தியிடம், "திரும்பப் போட்டுடு. இப்பவே" என்றார். அவள் அதற்குள் போட ஆரம்பித்திருந்தாள். "என்னாலதான்" என்று அவள் முணுமுணுத்தபோது, "நான்தானே எடுக்கச் சொன்னேன்" என்றார்.

வியாழக்கிழமை டாடா சுமோவில் புது வெர்ஷனோடு ரவிசந்திரனும் சியாமளாவும் கிருஷ்ணப்ரியாவும் ரஞ்சன்காவ் போனார்கள். மூடியைத் திறந்ததும் பச்சைத் திரையில் அந்த மராத்தி வரி வந்தது. கையுறை போட்டிருந்த ஒரு பெண் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பெல்ட் முழுசாக நிற்கும்வரை காத்திருந்தாள். அவளுக்கு அது தினமும் பார்க்கிற வரி. கிருஷ்ணப்ரியாதான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும் வழியில் கேட்டாள்: "அதுக்கு ஏனுங்க அக்கா அனாதைன்னு பேர் வெச்சீங்க?"

சியாமளா யோசித்தார். "சரியா ஞாபகம் இல்ல. ஆனா மத்ததெல்லாம் மெஷினுக்குச் சொல்றது. இது ஒண்ணுதான் ஆளுக்குச் சொல்றது. அதனால எந்தக் கட்டளைக்கு அடியிலயும் அதை வெக்க முடியாது. மரத்துல அதுக்கு அப்பா அம்மா கிடையாது. அதான் அப்படி வெச்சேன் போல."

முன் இருக்கையிலிருந்து ரவிசந்திரன் திரும்பினார். "மேடம், வாரத்துல ரெண்டு மூணு நாள் வர முடியுமா? இன்னும் என்னென்ன இருக்குன்னு எங்களுக்கே தெரியல."

"பசங்களை ஸ்கூல்ல விட்டுட்டுத்தான் வர முடியும்" என்றார் சியாமளா, ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தவர் மாதிரி.

ஆர்ஃபனுக்கான பக்கத்தைக் கிருஷ்ணப்ரியா நான்கு முறை திருத்தி எழுதினாள். கையேட்டில் வேறு எந்தக் கணுவுக்கும் இல்லாதபடி அதன் முதல் வரி இப்படி அமைந்தது: 'இதை நீக்கினால் எந்தச் சோதனையும் தோற்காது, நீக்காதீர்கள்.' தீப்தி அதைப் படித்துவிட்டு, நீக்கினால் தோற்கிற மாதிரி ஒரு சோதனையை அன்றே எழுதிச் சேர்த்தாள். அதனால் அந்த வரி பொய்யாகிப் போனது. கிருஷ்ணப்ரியா ஐந்தாம் முறையாகத் திருத்த வேண்டியதாயிற்று.

அந்த வேலை முடிந்த மறுநாள் மதியம் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. நூற்றியிருபத்தேழைத் தாண்டினால் போதும் என்றால், அது மராத்தியாகத்தான் இருக்க வேண்டுமா என்ன? தன் கணினியில் இருந்த ஒரு தமிழ் ஃபான்ட்டில், 'கையை எடுங்க' என்று தட்டினாள். பார்சர் அதையும் மரியாதையாக ஆர்ஃபன் ஆக்கியது. சோதனைக்காக ஆபீசில் வைத்திருந்த பேனலுக்கு அனுப்பினாள். பச்சைத் திரையில் மராத்தி எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன.

"தீப்தி, இது என்னன்னு படியேன்."

தீப்தி முயன்று பார்த்தாள். இரண்டு எழுத்து தாண்டுவதற்குள் நாக்கு சுருண்டது. இன்னொரு முறை ஆரம்பித்து, மூச்சுப் பிடித்து, சிரித்துவிட்டாள். "இது எந்த ஊர் மராத்தி?"

சியாமளா சத்தம் கேட்டு எழுந்து வந்தார். திரையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பார்சருக்கு எந்த மொழியும் தெரியாது. எண்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான். பேனலோ தன்னிடம் இருக்கிற மராத்தி எழுத்துகளை எடுத்து அந்த எண்களுக்குப் போட்டுவிடுகிறது.

"அப்ப இது தமிழ், இது மராத்தின்னு பேனலுக்கு யாருங்க அக்கா சொல்லணும்?" என்றாள் கிருஷ்ணப்ரியா.

"யாரும் சொல்லலியே. நான் யோசிக்கவே இல்ல." சியாமளா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "கொஞ்சம் நகருங்கோ, பார்க்கலாம்."