மொட்டுப் பிரிப்பவள்

மூச்சை அடக்கிக்கொண்டு அவள் ஊசியை நகர்த்தினாள். நுண்ணோக்கிக்கு அடியில் கிழட்டு ஈஸ்ட் செல் ஒன்று பக்கவாட்டில் மொட்டு விட்டிருந்தது. மயிரிழை போன்ற கண்ணாடி ஊசியால் அந்த மொட்டைப் பிரித்து அப்பால் தள்ள வேண்டும். விட்டுவிட்டால் அதுவும் வளர்ந்து மொட்டு விடும். அப்புறம் தாய் எது, பிள்ளை எது என்று கடவுளுக்கே தெரியாது. சாவதற்குள் ஒரு தாய் எத்தனை மொட்டு விடுகிறதோ, அதுதான் அதன் ஆயுள்.

இந்தச் செல்களை அவள் அரைப்பட்டினியில் வைத்திருந்தாள். பசி வந்தால் செல் தன்னுள் சேர்ந்த குப்பையைத் தானே தின்று செரித்துக்கொள்ளும். அதனால்தான் ஆயுள் நீள்கிறது என்று காட்டத்தான் இத்தனை வருடப் பாடும்.

வேலை ஒப்பந்த வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேராசிரியர் கையெழுத்துப் போட்டு நீட்டிப்பார். இன்று பகல் எதிர்க் கட்டடத்தில் நிரந்தர வேலைக்கு நேர்காணல். அடுத்த மாதம் அவள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். இதை விட்டால் இனி இல்லை.

கைபேசி அதிர்ந்தது. ரொட்டிக் கடையில் மாவு பிசைகிற கணவன்.

"கிளம்பிட்டியா?"

"இன்னும் இல்லீங்க. ரெண்டு மொட்டு பாக்கி."

"நான் அதே ஈஸ்ட்டை அள்ளி மாவுல கொட்டி அடுப்புல வேக வைக்கிறேன். நீ என்னடான்னா ஒண்ணொண்ணுக்கா பிரசவம் பாத்துட்டு இருக்க. போட்டுட்டுப் போம்மா."

அவள் சிரித்தபடி செல்கள் இருந்த கண்ணாடித் தட்டை மூடினாள். குளிர்பெட்டியைத் திறக்கும்போது பேராசிரியர் உள்ளே வந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"நேர்காணல் சார். குளிர்ல வெச்சா மொட்டு விடறது நின்னுடும். வந்து தொடர்ந்துக்கலாம்."

"ராத்திரியெல்லாம் குளிர்லதானே வைக்கிறோம்? கடைசிக் கட்டத்துல பகல்லயும் வெச்சா, குளிராலதான் ஆயுசு கூடிச்சுன்னு நாலு பேர் சொல்லிடுவாங்க. தேர்வுக் குழுவுல நானும் இருக்கேன். உங்களை எனக்குத் தெரியாதா? நான் சொல்லிக்கறேன், நீங்க உட்காருங்க."

அடுத்த நீட்டிப்புக்கும் கையெழுத்து அவருடையதுதான். நேர்காணலுக்கென்று தேய்த்துப் போட்டுவந்த உடையோடு மறுபடி உட்கார்ந்தாள்.

சாயங்காலம் கடைசித் தாயும் மொட்டு விடுவதை நிறுத்தியது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வயிறார ஊட்டி வளர்த்த செல்கள் என்றோ செத்திருந்தன. பேராசிரியர் குனிந்து பார்த்துவிட்டு மேசையைத் தட்டினார். "சாதிச்சுட்டோம்மா." பொய்யில்லை, அந்த நேரம் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் வேறொரு பெயர் இருந்தது. நேரில் வராதவர்களைக் குழு பரிசீலிக்கவில்லை என்று கீழே ஒரு வரி. அவள் போய்க் கேட்டபோது பேராசிரியர் காபிக் கோப்பையைப் பார்த்தபடியே பேசினார்.

"சொல்லிப் பாத்தேன். விதிமுறைன்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

குழுவில் அவர் வாயே திறக்கவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. வீட்டில் கணவன் கேலி எதுவும் பேசவில்லை. "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலையே" என்று மட்டும் சொல்லிவிட்டு, நகக்கண்ணில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் புதுத் தட்டு தொடங்கியிருந்தது. பேராசிரியர் ஓர் இளைஞனை அழைத்துவந்தார்.

"புதுசா நிரந்தரமா சேர்ந்திருக்கார். நுண்ணோக்கி ஒண்ணுதான் இருக்கு, இனிமே இந்த மேசை இவருக்கு. நீங்க கழுவற இடத்துக்குப் பக்கத்துல ஒரு இடம் பாத்துக்கோங்க. இவர் கிளம்பினப்புறம் சாயங்கால முறை மட்டும் நீங்களே பாத்துக்குங்க, உங்க கை மாதிரி வராது."

இளைஞன் நெளிந்தான். "பரவாயில்லை மேடம், உட்காருங்க."

அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு மொட்டு இருக்கு சார். இதை மட்டும் பிரிச்சுட்டு எழுந்துடறேன்."

பேராசிரியர் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி காத்திருந்தார்.