பாம்பர், ஃப்ரெட்

அம்மாவின் உதடுகள் மறுபடியும் ஒட்டிப் பிரிந்தன. ஒருமுறை மூடித் திறந்து, இன்னொருமுறை மூடித் திறந்தன. பிறகு மேல்பல் கீழுதட்டை லேசாகத் தொட்டது. கடைசியில் வாய் குவிந்து அப்படியே நின்றது. சத்தம் மட்டும் இல்லை. பக்கவாதம் வந்து அவள் குரலை வாரிக்கொண்டு போய் ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது.

"இன்னொரு தடவை சொல்லும்மா. மெதுவா," என்று வின்னி குனிந்தாள்.

கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலி இருந்தது. அதில் உட்காரத்தான் முடியாது. ராவன்ஷா ஊரின் கிறிஸ்தவக் கோவிலில் முந்நூறு வருஷமாகப் பிறந்தவர்களும் இறந்தவர்களும் காகிதக் கட்டுகளாக அதில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். இடம் போதாமல் மீதிப்பேர் அம்மாவின் போர்வைமேல் கால்மாட்டில் பரந்து கிடந்தார்கள். வின்னி நின்றுகொண்டேதான் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினாள், நின்றுகொண்டேதான் பேசினாள், நடுநடுவே கால்மாட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துத் திருத்தினாள்.

கோவில் பதிவேடுகளைப் பார்த்துப் பிரதி எடுப்பது அவளுக்கு வேலை இல்லை, சம்பளமும் இல்லை. ஆனால் அதைவிட்டால் வேறு மூச்சும் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும், "எங்கள் தாத்தா உங்கள் ஊர்ப் பஞ்சாலையில் இருந்தாராம்" என்று யார் யாரோ எழுதுவார்கள். வின்னி தேடிக் கொடுப்பாள். ஊரார் வீட்டுத் தாத்தாக்களையெல்லாம் கண்டுபிடித்தவளுக்குச் சொந்தத் தாத்தா மட்டும் கிடைக்கவில்லை. அம்மாவின் ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயர் எழுதும் கட்டம் காலியாக இருந்தது. கேட்டபோதெல்லாம் அம்மா ஒரே பதில்தான் சொன்னாள்: "செத்தவங்களை விடுடி. டீ ஆறிப்போகுது பாரு."

அந்த அம்மாதான் இப்போது எதையோ சொல்லத் துடிக்கிறாள்.

அம்மா, மார்த்தா ஆர்மராட், தறிக்கொட்டகையில் தேய்ந்தவள். நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக ஓடும் இடத்தில் காது எதற்கும் உதவாது. பெண்கள் வாயை அகல அசைத்துப் பேசுவார்கள், கண்ணால் கேட்பார்கள். 'மீமா' என்று அதற்குப் பெயர். எதிர்வீட்டு ஜன்னலோடு கண்ணாடி வழியாகவே வம்பு பேசி முடித்துவிடுவார்கள். வின்னி சின்னவளாக இருந்தபோது அம்மாவும் அவள் தோழி ஃபீபியும் அடுப்படியில் அவள் தலைக்குமேல் சத்தமில்லாமல் ஊரையே கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். சொல்லிக்கொடு என்று இவள் அழுதால், "நீ தறிப்பக்கம் தலைவச்சும் படுக்கக் கூடாது, உனக்கெதுக்கு இது?" என்பாள் அம்மா. படிக்க அனுப்பினாள். அதனால் வின்னிக்கு லத்தீன் தெரியும். அம்மாவின் வாய் தெரியாது.

பக்கத்து வீட்டு ஜீன் சூப்புக் கிண்ணத்தோடு படியேறி வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாவம், திரும்பத் திரும்ப ஒண்ணையேதான் சொல்றாங்க. ஃபீபியைக் கூட்டிட்டு வரட்டுமா வின்னி? ரெண்டு தெரு தள்ளித்தானே. ஒரு பார்வை பார்த்தாப் போதும், சொல்லிடுவாங்க."

வின்னிக்குச் சுருக்கென்றது. பெற்ற தாயின் பேச்சுக்குத் தெருவிலிருந்து ஆள் பிடிக்க வேண்டுமா? மங்கிய மையில் கோணலாக எழுதிய பெயர்களையே படித்துவிடுகிறவள், இதைப் படிக்கமாட்டாளா? அம்மாவின் உதடுகளைப் போலவே தன் உதடுகளையும் மூடித் திறந்தாள். பா... ம்... பர். பாம்பர்! அதன்பின் பல் உதட்டில் படுகிறதே, அது ஃப்ரெட். ஊரில் பாம்பர் குடும்பம் ஒன்று இருந்தது. கடைசியில் வாய் குவிவது மட்டும் எதிலும் சேரவில்லை. மூச்சுவாங்கலாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"வேண்டாம் ஜீன். எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"என்ன சொல்றாங்க?"

"பாம்பர், ஃப்ரெட்."

குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். பெயர் அட்டவணையில்தான் அப்படி எழுதுவார்கள். எந்த மகளும் தன் அப்பனை அட்டவணை வரிசையில் கூப்பிடமாட்டாள் என்பது வின்னிக்கு அப்போது தோன்றவில்லை. வருஷக்கணக்காக அவளே எல்லாரையும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அதானேம்மா?" என்றாள்.

அம்மா கையைத் தூக்கினாள். தூக்க முடியாமல் தூக்கி, போர்வைமேல் இருந்த காகிதங்களைத் தட்டினாள்.

"பார்த்தியா? பதிவேட்டுல போய்ப் பாருங்கறா!" வின்னி கோட்டை மாட்டிக்கொண்டாள். "கொஞ்சம் கூட இரு ஜீன். ஓடிப்போய் ஓடி வந்துடறேன்."

பாதிரியார் எந்தக் கேள்வியும் கேட்காமல் பதிவேடுகள் இருந்த இரும்புப் பெட்டியின் சாவியைக் கொடுத்தார். அவள் தேடினாள், அவனும் கிடைத்தான். ஃப்ரெட்ரிக் பாம்பர், தறி மேஸ்திரி. அம்மா பிறந்த அதே தெரு, நாலு வீடு தள்ளி. வின்னிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே திரும்பியிருக்கலாம். ஆனால் கல்யாணம் எப்போது ஆயிற்று என்று பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள், எங்கே புதைத்தார்கள் என்றும் பார்த்தாள். வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பிரதி எடுத்த தாளை நனையாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மேட்டுத் தெருவில் ஏறினாள்.

வீட்டின் முன்னறைத் திரை இழுத்து மூடியிருந்தது. எதிர்வீட்டிலும் மூடியிருந்தது. வரிசையாக எல்லா வீட்டிலும் மூடிக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகலில் அந்தத் தெரு திரையை மூடினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

ஜீன் வாசலில் நின்றாள். "இப்பத்தான் வின்னி. நான் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஏதாவது சொன்னாளா?"

"அதேதான். கதவைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிட்டிருந்தாங்க."

அடக்க ஆராதனைக்கு அச்சடித்த தாளில், மார்த்தாவின் பெயருக்குக் கீழே 'ஃப்ரெட்ரிக் பாம்பரின் மகள்' என்று வின்னி போட்டிருந்தாள். போகும்போது கூட இல்லாத குற்றத்துக்கு இதாவது ஈடாகட்டும் என்று நினைத்தாள். அம்மாவின் கடைசி விருப்பத்தை நிறைவேற்றிவிட்டோம் என்பதுதான் அந்த நாட்களில் அவளைத் தாங்கிப் பிடித்தது.

மண் போட்டு முடிந்து எல்லாரும் கோவில் கூடத்துக்கு வந்தார்கள். பன்றிக்கறி சாண்ட்விச், டீ, கோப்பைச் சத்தம். ஃபீபி கறுப்புத் தொப்பியோடு மூலையில் உட்கார்ந்து அந்தத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். தறிக்காரிகள் எல்லாரையும்போல அவளுக்கும் காது போய்விட்டது.

"ஏண்டி வின்னி, யாருடி இந்தப் பாம்பர்?"

"அம்மாவோட அப்பா, சித்தி."

ஃபீபி அவள் வாயைப் பார்த்தாள். தப்பாகக் கேட்டோமோ என்பதுபோல இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். பிறகு தொப்பி ஆடச் சிரித்தாள்.

"மேஸ்திரி பாம்பரா? அந்தச் சோம்பேறியா! தறி நின்னுபோச்சுன்னு காலையில சொன்னா, சாயங்காலம் வந்து எந்தத் தறின்னு கேப்பான். உங்கம்மாவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. போயும் போயும் அவனையா அப்பனாக்கினே?"

"அம்மாவேதான் சொன்னா. சாகற அன்னிக்கு."

"அவளுக்கே தெரியாதுடி. தெரிஞ்சுக்கணும்னு நெனச்சதும் இல்ல. அப்பன்னு ஒரு ஆளு வந்து நின்னா கதவைச் சாத்துவேன்னு சொல்லுவா." ஃபீபியின் சிரிப்பு நின்றது. "எப்படிச் சொன்னா? செஞ்சு காட்டு."

"பாம்பர், ஃப்ரெட்."

"அது நீ சொல்றது. அவ செஞ்சதைச் செய்."

வின்னி சுற்றிலும் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. சத்தமில்லாமல் உதடுகளை ஒருமுறை மூடித் திறந்தாள், இன்னொருமுறை மூடித் திறந்தாள். மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்தாள். அன்றைக்கு வேண்டாம் என்று விட்டதையும் கடைசியில் சேர்த்து வாயைக் குவித்தாள்.

ஃபீபி தன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வின்னியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரு எதுவும் சொல்லலடி கண்ணு."

"பின்ன?"

கூடம் இரைந்துகொண்டிருந்தது. ஃபீபி குரலை எழுப்பவில்லை. தறிக்கு நடுவே பேசுகிறவள்போல வாயை அகல அசைத்தாள். அந்த வாயில் அம்மாவின் வாய் அச்சாகத் தெரிந்தது. பிறகுதான் மெல்லச் சொன்னாள்.

"'பேப்பரை வை. உக்காரு.'"

வின்னி கையை விடுவித்துக்கொண்டாள். பாதிரியார் குறுக்கே வந்து, "தாள் ஒண்ணு மிச்சம் இருக்குமா? கோவில் கோப்புல வைக்கணும்," என்றார். அவள் எல்லாவற்றையும் மேசையிலிருந்து வழித்து எடுத்துக்கொண்டாள். "இல்ல ஐயா. தப்பா அச்சாயிடுச்சு," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டையும் தொப்பியையும் கழற்றாமல் மாடிக்குப் போனாள். ஜீன் கட்டிலைச் சுத்தம் செய்து, வெறும் மெத்தையை ஜன்னல் பக்கமாகத் தள்ளி வைத்திருந்தாள். நாற்காலியில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. வின்னி கட்டுகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினாள். துணியில் தூசி சதுரமாகப் படிந்திருந்தது. அதைத் தட்டாமல் உட்கார்ந்தாள். கட்டில் முழங்காலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

கீழே கெட்டில் விசிலடித்து அடங்கியது. கோப்பைகள் எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"வின்னி, டீ ஆறிப்போகுது," என்று ஜீன் படியிலிருந்து கூப்பிட்டாள்.

அவள் எழுந்திருக்கவில்லை.