கோடாரிக்கு வேண்டிய தலைக்கனம்

கோடை முழுவதும் வெர்னா ஒரே ஒரு கைக்கோடாரியோடு மல்லுக்கட்டினாள். வீட்டை ஒட்டிய கொட்டகைதான் அவள் பட்டறை. அமெரிக்காவின் மொன்டானாவில் அவள் இருந்த பள்ளத்தாக்கில் வேட்டைக்கு மலையேறுகிறவர்களில் பாதிப்பேர் அவள் அடித்த டோமஹாக் என்ற கைக்கோடாரியைத்தான் இடுப்பில் செருகியிருப்பார்கள். அதையெல்லாம் அவள் பேசிக்கொண்டே செய்து முடித்துவிடுவாள். இது அப்படியல்ல, இது டெல்மருக்கு.

டெல்மர் அவள் கணவன். வசந்தத்தில் அவனுடைய வலது தோளில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்பிறகு மலையைப் பற்றிப் பேசுவதையே குறைத்துக்கொண்டான். கல்யாணமானதிலிருந்து ஒவ்வோர் அக்டோபரும் இருவரும் கூடாரம், தகர அடுப்பு சகிதம் எல்க் மான் வேட்டைக்கு மேலே போவார்கள். அங்கே விறகு அவன் பாடு. விறகு வெட்ட முடியாவிட்டால் அந்த மனிதன் அடுத்த வருஷம் வீட்டோடு இருந்துவிடுவான் என்று வெர்னா பயந்தாள். அவன் இல்லாத மலையில் அவளுக்கு என்ன வேலை?

அதனால் கனத்தைக் குறைத்தாள். அந்த ஊர்க்காரர்களுக்கே கனம் என்றால் ஆகாது. மலையேறுமுன் பல் தேய்க்கும் பிரஷ்ஷின் பிடியைக்கூடப் பாதியாக நறுக்கி எறிவார்கள். அதே பையில் உலர்ந்த மாட்டிறைச்சியை வாய் கட்ட முடியாத அளவுக்குத் திணிப்பார்கள், அது மட்டும் கணக்கில் வராது. வெர்னாவும் அந்த ரகம்தான். கோடாரித் தலையில் துளைகள் போட்டாள், கன்னங்களை இழைத்தாள், பின்மண்டையை வெட்டியே எடுத்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துப் பூரித்துப்போனாள். தன் கையால் வீசியும் பார்த்தாள். சுகமாக இருந்தது.

காம்பை மட்டும் பழைய முறையிலேயே விட்டாள். டோமஹாக்கில் ஆப்பு கிடையாது, பசை கிடையாது. காம்பு மேல்நுனியில் பருத்திருக்கும். அதைத் தலையின் துளைக்குள் மேலிருந்து இறக்கினால் பருத்த இடம் வந்து சிக்கிக்கொள்ளும், வீச வீச இறுகும். காம்பு உடைந்தாலும் காட்டில் ஒரு கொம்பைச் செதுக்கி மாட்டிக்கொள்ளலாம்.

மலையில் முதல் நாள் மாலை, கோடாரி எப்படி என்று அவள் கேட்பதற்கு முன்பே டெல்மர் சொல்லிவிட்டான்.

"வெண்ணெய வெட்டுற மாதிரி இருக்கு, அம்மணி."

வெர்னாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மறுநாள் முழுவதும் மேட்டில் உட்கார்ந்து தொலைநோக்கியில் மான் தேடினாள். ஒன்றும் கண்ணில் படவில்லை, அவளுக்கு அது பெரிதாகவும் படவில்லை.

மூன்றாம் நாள் மதியம் ஈரப்பனி கொட்டியது. டெல்மர் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். அடுப்புப் பக்கத்தில் விறகு இருந்தது, ஆனால் எல்லாமே சுள்ளி. மடக்கு ரம்பத்தால் அறுத்தது, முழங்காலில் வைத்து ஒடித்தது. பனியில் ஊறிய சுள்ளி புகைந்ததே தவிர எரியவில்லை. ஒரு கட்டையைப் பிளந்தால் உள்ளே காய்ந்த நடுமரம் கிடைக்கும் என்று வெர்னா அவனுடைய கோடாரியை உறையிலிருந்து உருவினாள்.

அதன் வெட்டுவாயில் நீல மை அப்படியே இருந்தது. புதிதாகச் செய்த எதற்கும் அவள் வெட்டுவாயில் மார்க்கர் மை தடவி அனுப்புவாள், மை எங்கே அழிகிறதோ அங்கேதான் எஃகு உழைக்கிறது என்று கண்டுகொள்வதற்காக. இவனிடம் அதைச் சொல்ல மறந்திருந்தாள். ஒரே ஓர் ஓரத்தில் கொஞ்சம் அழிந்திருந்தது. ஓர் அடி போட்டிருக்கிறான், அதோடு சரி.

டெல்மர் இடது கையில் வாளியோடு வந்தான். அவள் கையில் இருந்ததைப் பார்த்தான். வாளியை மெல்லக் கீழே வைத்தான்.

"வெண்ணெய் எங்க?" என்றாள் வெர்னா.

அவன் மழுப்பவில்லை. கட்டை ஒன்றின் முன்னால் நின்று வலது கையைத் தூக்கிக் காட்டினான். கை நெஞ்சுவரை வந்து நின்றுவிட்டது.

"இவ்வளவுதான் வருது. உன் கோடாரில கனமே இல்ல, வெர்னா. அது தானா விழ மாட்டேங்குது. நான்தான் உள்ள தள்ளணும். தள்ளினா உயிர் போகுது."

வெர்னா தராசைக் கேட்டாள், தன் தோளைக் கேட்டாள், அவன் தோளைக் கேட்கவே இல்லை. தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது. எழுந்து கூடாரத்துக்குள் போய்ப் பையின் அடியிலிருந்து கம்பளிக் காலுறை ஒன்றைக் கொண்டுவந்தாள். உள்ளே காம்பில்லாத ஒரு கோடாரித் தலை, கனம் குறைக்காத பழைய தலை.

டெல்மர் சிரித்துவிட்டான்.

"ஆக, நீயும் அத நம்பல."

"வாய மூடு" என்றாள்.

காம்பின் அடியைக் கட்டையில் ஓங்கிக் குத்தினாள். லேசான தலை கழன்று கீழே சரிந்தது. கனத்த தலையை மாட்டி, தலைகீழாகத் திருப்பி இரண்டு தட்டு தட்டி இறுக்கினாள். மனுஷனுக்குத்தான் தலைக்கனம் கூடாது, இதுக்கு வேணும் என்று முனகிக்கொண்டே அவன் கையைப் பிடித்துக் காம்பின் மேல்பகுதியில், தலைக்குக் கொஞ்சம் கீழே வைத்தாள். நெஞ்சுவரை தூக்கி விட்டுவிடு, தள்ளாதே என்றாள்.

அவன் தூக்கினான், விட்டான். கட்டை இரண்டாகப் பிளந்தது. உள்ளே மஞ்சளாக, காய்ந்து கிடந்தது. இன்னொன்றை வைத்தாள். அதுவும் பிளந்தது. அவன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டான். வலித்த முகமாக இல்லை.

"இத யாரு மலை மேல தூக்கிட்டு வர்றது?"

"தூக்குறது நான். போடுறது நீ."

டெல்மர் கோடாரியைக் கட்டையில் செருகினான். பிறகு, அவள் தம்பி ரஸ்ஸலிடம் ஆகஸ்டிலேயே பேசிவிட்டதாகச் சொன்னான். இனி தான் மலைக்கு வரப்போவதில்லை, அடுத்த வருஷத்திலிருந்து கூடாரமும் அடுப்பும் ரஸ்ஸலுக்கு. அவள் பட்டறையில் எஃகை ராவிக்கொண்டிருக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனில் சொன்னானாம். அவளிடம் சொல்ல மனம் வரவில்லையாம்.

வெர்னா எதற்குப் பயந்து கோடையெல்லாம் உழைத்தாளோ அது கோடையிலேயே நடந்து முடிந்திருந்தது. கத்த வேண்டும்போல இருந்தது. கத்தாமல் அடுத்த கட்டையை எடுத்து அவன் முன்னால் நிறுத்தினாள். கட்டை சாய்ந்தது, மறுபடி நிறுத்தினாள்.

டெல்மர் கோடாரியை நெஞ்சுவரை தூக்கினான். உடனே விடவில்லை.

"ரஸ்ஸல வேற அடுப்பு பாத்துக்கச் சொல்லு" என்றான். "உன் தம்பிதான, நீயே சொல்லிடு."