இன்னொருத்தர் பார்க்கணும்

"'பாசத்தின் சிகரம்' வேண்டாங்க ஐயா."

"ஏன்ப்பா? நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க மேனேஜர் செத்தாக்கூட இதையேதான் போடுவாங்க. அந்த ஆளுக்கு ஏதுங்க பாசம்?"

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குடும்பத்தின் கல்யாணப் பத்திரிகை முதல் இரங்கல் செய்தி வரை எல்லாம் அவர் கையெழுத்தில் பிறந்தவை. அவர் எழுதிய வரியை அவர் எதிரிலேயே யாரும் அடித்ததில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தாடிக்காரன், ஏதோ துணிச்சலாகச் செய்துவிட்டதாக நினைத்ததாகவே தெரியவில்லை. கைபேசியில் அடுத்த வரிக்குப் போய்விட்டான்.

அக்கா அன்று காலை எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்தார், தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார், போய்விட்டார். உள்ளறையில் அவள் கட்டிலில் இருந்தாள். பக்கத்தில் நாற்காலியில் மாமா, அவள் கணவர். டாக்டர் போனதிலிருந்து அவர் பேசவும் இல்லை, அழவும் இல்லை. தண்ணீர் கொடுத்தால் வாங்கி, குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

தூரத்தில் இருப்பவர்கள் மாலைக்குள் கிளம்பினால்தான் நாளை காலை முகம் பார்க்க முடியும். அதனால் செய்தி இப்போதே போக வேண்டும். பெரியப்பா தாளில் எழுதிக் கொடுத்ததை அக்காவின் தம்பி தன் கைபேசியில் அப்படியே தட்டினான். அக்காவோடு ஒரே குழுவில் மென்பொருள் எழுதிய தாடிக்காரனும், அவர்கள் எழுதுவதையெல்லாம் சோதித்துப் பார்க்கும் டெஸ்டரும் துக்கம் கேட்க வந்தவர்கள்தான். தம்பி அவர்களை ஒரு தடவை பார்க்கச் சொன்னான். அவர்கள் அதைத் தங்கள் கைபேசிகளிலும் திறந்து வைத்துக்கொண்டு வரிவரியாகத் திருத்த இறங்கிவிட்டார்கள்.

"எங்க வேலையில எழுதினவங்களே சரின்னு சொல்லிக்கக் கூடாது," என்றாள் டெஸ்டர். "வேற ரெண்டு பேர் பாத்து 'போகட்டும்'னு சொல்லணும். ஒரு புள்ளிய மாத்தினாலும் அப்படித்தான். அக்கா விடவே மாட்டாங்க."

"இது என்னம்மா, பாஸ்போர்ட் ஆபீஸா?" என்றார் பெரியப்பா.

தம்பிக்கு அந்தப் பேச்சு பழக்கம். இதே மேசையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அக்கா நாள் முழுக்க யாரோடோ மல்லுக்கட்டுவாள். முன்பின் தெரியாத ஒரு நாட்டின் சட்டசபை இந்த வீட்டுக்குள் நடப்பதுபோல் இருக்கும். எதற்கு இத்தனை சண்டை என்று ஒருநாள் கேட்டான். "எழுத்தோடதான்டா சண்டை, எழுதினவனோட இல்ல," என்று சிரித்தாள்.

"'எடுத்த வாதத்தை விட்டுக்கொடுக்காதவர்'னு போடலாமா?" என்றான் தாடிக்காரன்.

"அது புகழா, புகாரா?" என்றாள் டெஸ்டர்.

பெரியப்பாதான் முதலில் சிரித்தார். எல்லாருக்கும் சிரிப்பு பொங்கியது. உள்ளறைக் கதவு நினைவுக்கு வந்ததும் எல்லாரும் ஒன்றாக அடங்கினார்கள்.

கடைசியில் கொஞ்சம்தான் மிஞ்சியது. அக்காவின் பெயர். இன்று காலை உறக்கத்தில் காலமானார். எழுதியவரை நோகடிக்காமல் எழுத்தைத் திருத்தத் தெரிந்தவர். இறுதிச் சடங்கு நாளை காலை, வீட்டில். தொடர்புக்கு ஓர் எண்.

"நம்பர் வேலை செய்யுதான்னு பாத்துடறேன்," என்று டெஸ்டர் அதை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். எதையும் ஒரு முறை ஓட்டிப் பார்க்காமல் அவள் நம்புவதில்லை.

உள்ளறையில் மணி அடித்தது.

அக்காவின் கைபேசி. இருவரும் தினமும் அலுவலகச் செயலியிலேயே பேசிக்கொண்டவர்கள். டெஸ்டரிடம் அக்காவின் எண் இருந்ததே இல்லை. அது அக்காவின் எண் என்பது தட்டிய தம்பியின் கண்ணிலும் படவில்லை. டெஸ்டரின் விரல் அழைப்பைத் துண்டிக்கப் போவதற்குள் மணி நின்றது. மேசைமேல் மாமாவின் குரல் மெதுவாக, தெளிவாகக் கேட்டது.

"அவ தூங்கறா. எழுந்ததும் சொல்றேன்."

டெஸ்டர் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நம்ம வீட்டு விசேஷம் எதுன்னாலும் அவ நம்பரைத்தானே போடுவோம்," என்றார் பெரியப்பா. "கை தானா எழுதிடுச்சுடா."

"விடுங்க பெரியப்பா. போறதுக்கு முன்னாடியே பாத்துட்டோம்." தம்பி எண்ணை அழித்துத் தன் எண்ணைப் போட்டான். டெஸ்டர் அதையும் அழைத்துப் பார்த்தாள். அவன் கையிலிருந்த கைபேசி அதிர்ந்தது.

"என் பக்கம் போகட்டும்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவன் தாடிக்காரனைப் பார்த்தான்.

"நான் சொல்ல முடியாதுங்க. பாதிய நான்தான் மாத்தியிருக்கேன். நானும் எழுதினவன் ஆயிட்டேன், நம்பர மாத்தின நீங்களும்தான். இன்னொருத்தர் பாக்கணும்."

"அட, அனுப்பித் தொலைங்கப்பா," என்றார் பெரியப்பா. "உள்ள இருக்கறவர் நிலைமை தெரிஞ்சுபோச்சுல்ல. அவரை ஏன் போட்டு..."

"அதனாலதான் பெரியப்பா. அவர் பாக்காம இது இந்த வீட்டைத் தாண்டாது."

அதைச் சொன்னபோது தன் குரல் அவ்வளவு உறுதியாக இருந்தது தம்பிக்கே வியப்பாக இருந்தது. எழுந்து உள்ளே போனான்.

திரைச்சீலை பாதி விலகியிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் மட்டும் வெயில். அக்காவின் கைபேசி மாமாவின் மடியில் கிடந்தது. தண்ணீர் தம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தம்பி நாற்காலியின் அருகே தரையில் உட்கார்ந்தான்.

"மாமா, எல்லாருக்கும் சேதி அனுப்பணும். நாங்க எழுதியிருக்கோம்."

அவர் தம்பியின் கைபேசியை வாங்கிக்கொண்டார். கண்கள் பெயரில் நின்றன. அடுத்த வரிக்கு இறங்கின. மறுபடி பெயருக்கே ஏறின. திரை மங்கி அணைந்தது. அவர் அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி கை நீட்டி அதைத் தொட்டு மீண்டும் ஒளிரவைத்தான்.

"மெதுவா படிங்க. மாத்தணும்னா மாத்திடலாம். சரியா இருந்தா, போகட்டும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா."